அன்னபேதியிலிருந்து சோடியம் பேட்டரி: வாசகர் கேள்வி – பதில்

அன்னபேதி (பச்சை நிற இரும்பு சல்பேட் படிகம்) போன்ற ஆலைக் கழிவுகளிலிருந்து சோடியம்-அயனி பேட்டரிக்கு நேர்முனைப் பொருள் செய்வது பற்றி பினாங்கு, கோலாலம்பூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறோம்.

டைட்டானியம் ஆலைகளில் அன்னபேதி கழிவாகக் குவிகிறது, அதிலிருந்து பேட்டரிப் பொருள் செய்யலாம் என்கிறார்கள். உண்மையா? லித்தியம் இருக்க சோடியம் எதற்கு?
(பட்டர்வொர்த் வாசகர்)

உண்மைதான். இல்மனைட் கனிமத்தில் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தே இருக்கும். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் எடுத்தபின் மிஞ்சிய ‘அமாங்’ மணலில் இருப்பதும் இதே கனிமம்தான். வெள்ளைப் பெயிண்டுக்கான டைட்டானியம் டை ஆக்சைடை கந்தக அமில முறையில் எடுக்கும்போது இல்மனைட்டை அமிலத்தில் கரைத்து, பழைய இரும்பைப் போட்டு, கரைசலைக் குளிர்விப்பார்கள். பச்சைப் படிகமாக அன்னபேதி பிரியும். மூலக்கனிமத்தைப் பொறுத்து மாறினாலும், ஒரு டன் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு ஏறத்தாழ 3 டன் அன்னபேதி வந்துவிடும். அழுக்குநீர் சுத்திகரிப்புக்கும் சிமெண்டுக்கும் உரத்துக்கும் கொஞ்சம் போகும். மீதியை என்ன செய்வது என்பது அந்த ஆலைகளின் தலைவலி.

சோடியம் பேட்டரியின் நேர்முனையில் நிக்கலோ கோபால்டோ இல்லாமல் இரும்பை மட்டும் வைத்தே வேலையை முடிக்கலாம். சோடியம் அலுமினியத்தோடு கலப்பதில்லை என்பதால் எதிர்முனையிலும் செம்புத் தகட்டுக்குப் பதில் அலுமினியத் தகடு போதும். எடைக்கு மின்சாரம் குறைவுதான். கீழே சொல்லப்போகும் இரும்புப் பொருளில் கிராமுக்கு 100 முதல் 115 மில்லி ஆம்பியர்-மணி, 3.1 வோல்ட் அளவில் கிடைக்கும். அது லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே நெடுந்தூரம் ஓடும் காருக்கு இதை நினைக்க வேண்டாம். கூரைச் சூரியத் தகடுக்கான சேமிப்புப் பெட்டி, தொலைத்தொடர்புக் கோபுரம், குறைந்த தூரம் போகும் மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

வீட்டில் அல்ல, ஆய்வுக்கூடத்தில்தான் செய்கிறோம். 100 கிராம் செய்ய எவ்வளவு அன்னபேதி வேண்டும்? முழுச் செய்முறையும் தேவை.
(நிபோங் திபால், ஆய்வுக்கூட உதவியாளர்)

சோடியம் இரும்பு பாஸ்பேட்-பைரோபாஸ்பேட் என்ற பொருளையே தேர்ந்தெடுங்கள். துறையில் சுருக்கமாக ‘என்எஃப்பிபி’ என்பார்கள். ஒரு மூலக்கூறில் 4 சோடியம், 3 இரும்பு, 4 பாஸ்பரஸ். கணக்குப்படி உச்சக் கொள்ளளவு கிராமுக்கு 129 மில்லி ஆம்பியர்-மணி. மின்னேற்றும்போதும் இறக்கும்போதும் படிகம் 4 சதவீத அளவுக்குத்தான் உப்பிச் சுருங்குகிறது. அதனால் நீண்ட நாள் உழைக்கும்.

முதலில் அன்னபேதியைக் கழுவ வேண்டும். 1 கிலோவை 1 லிட்டர் வெந்நீரில் 60 டிகிரியில் கரையுங்கள். சுத்தமான இரும்புத்தூள் 15 கிராம் போட்டு மெதுவாகக் கிளறுங்கள். இந்த ஒரு தூள் மூன்று வேலை பார்க்கிறது. துருவேறிய நிலையான பெரிக் இரும்பை மறுபடி துருவேறாத பெரஸ் நிலைக்குக் கொண்டுவருகிறது. கரைந்திருக்கும் செம்பை உலோகமாக வெளியே தள்ளுகிறது. உபரி அமிலத்தைத் தின்று கரைசலின் பிஹெச்சை (அமிலம் குறையக் குறைய ஏறும் எண்) 4 பக்கம் ஏற்றுகிறது. பிஹெச் ஏறியதும் டைட்டானியம் வெண்மையான கலங்கலாகப் பிரியும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் மூடிய அறையில் செய்யக்கூடாது, அருகில் நெருப்பும் கூடாது.

இங்கே பலர் அவசரப்படுகிறார்கள். அந்த வெண்கலங்கல் மிக நுண்ணியது. உடனே வடிகட்டினால் தாளைத் தாண்டிப் போய்விடும். 70 முதல் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் துகள் பருக்கும். சிறிது பாலிஅக்ரிலமைடு சேர்த்தால் திரளும். சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள், ஆறவிட்டால் வடிதுணியிலேயே அன்னபேதி படிகமாகி அடைத்துக்கொள்ளும். வடித்த கரைசல் தெளிந்த வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். அடுத்த நிமிடமே சில சொட்டு கந்தக அமிலம் விட்டு பிஹெச்சை 2-க்கு இறக்குங்கள். மறந்தால் கால் மணி நேரத்தில் கரைசல் தேநீர் நிறத்துக்குப் போகும், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துத் துருவாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் சுத்தம் வேண்டுமானால் 5 டிகிரிக்குக் குளிர்வியுங்கள், 600 கிராம் அளவுக்குப் படிகம் திரும்பக் கிடைக்கும்.

அடுத்த கட்டம் இரும்பு பாஸ்பேட். 100 கிராம் என்எஃப்பிபிக்கு 134 கிராம் அன்னபேதிப் படிகம் வேண்டும். அதை அரை லிட்டர் நீரில் கரைத்து, 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 57 கிராம் சேருங்கள். பிறகு 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 33 கிராமைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வேகமாக ஊற்றினால் சூடேறி நுரைத்துப் பொங்கும். இனி காஸ்டிக் சோடாக் கரைசலால் பிஹெச்சை 2-க்குக் கொண்டுவந்து, 90 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் கிளறுங்கள். மஞ்சளாகக் கொழகொழவென்று இருந்த கலவை வெண்மை கலந்த இளஞ்சிவப்புத் தூளாக மாறுவது கண்ணுக்கே தெரியும். அது மாறாத வரை வடிகட்டாதீர்கள். பிஹெச் 1.5-க்குக் கீழே இருந்தால் இரும்பு கரைசலிலேயே தங்கிவிடும். 3-ஐ நெருங்கினால் இரும்பு ஹைட்ராக்சைடு கலந்து தூள் பழுப்பேறும், இரும்புக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் கெட்டுவிடும்.

வடித்த தூளைக் கழுவுவதில்தான் உழைப்பு. கழுவிய நீரில் இரண்டு சொட்டு பேரியம் குளோரைடு விடுங்கள். வெண்கலங்கல் வந்தால் சல்பேட் இன்னும் இருக்கிறது. வராத வரை கழுவ வேண்டும். பேரியம் குளோரைடு விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சல்பேட்டை விட்டுவைத்தால் உலையில் கரியோடு சேர்ந்து சல்பைடாகும். உலையைத் திறக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடித்தால் காரணம் இதுதான்.

இப்போது எடை. காய்ந்த இரும்பு பாஸ்பேட்டில் இரண்டு நீர் மூலக்கூறு ஒட்டியிருந்தால் 90 கிராம் வேண்டும், நீரே இல்லையென்றால் 72.6 கிராம் போதும். நம் ஊர் ஈரக்காற்றில் தூள் இந்த இரண்டுக்கும் நடுவிலோ, அதற்கு மேலோ இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு 90 என்று நிறுத்தால் இரும்பு கூடிப்போகும் அல்லது குறைந்துபோகும். 2 கிராம் மாதிரியை 500 டிகிரியில் சுட்டு எடையிழப்பைப் பாருங்கள். 19.3 சதவீதம் வந்தால் இரண்டு நீர். வேறு எண் வந்தால் அதற்கேற்பத் திருத்துங்கள். இந்தச் சின்னச் சோதனையைத் தவிர்ப்பதால் கெடும் தொகுதிகள் ஏராளம்.

அதோடு சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 19.3 கிராம், சலவைச் சோடா என்கிற சோடியம் கார்பனேட் நீரற்றது 25.5 கிராம், குளுக்கோஸ் 15 கிராம். குளுக்கோஸ் இரண்டு காரியத்துக்கு: பெரிக் இரும்பைப் பெரஸ் ஆக்கவும், துகள்மேல் கரிப்பூச்சாகப் படியவும். கடைசியில் 2 முதல் 4 சதவீதம் கரி மிஞ்ச வேண்டும். அளந்து பார்த்து அடுத்த முறை குளுக்கோசைக் கூட்டிக் குறையுங்கள்.

எல்லாவற்றையும் நீரில் சேர்த்து சிர்கோனியா மணிகளோடு அரைத்து, துகளை அரை மைக்ரானுக்குக் கீழே கொண்டுவாருங்கள். பிறகு தெளிப்பு உலர்த்தியில் காயவையுங்கள். அது இல்லாமல் தட்டில் ஊற்றி அடுப்பில் காயவைத்தால் கரையும் உப்புகள் மட்டும் மேலேறி விளிம்பில் ஒதுங்கும், ஒரே தட்டில் இரண்டு விதமான பொருள் கிடைக்கும். உறைய வைத்து உலர்த்தும் கருவி இருந்தால் அது பரவாயில்லை.

உலையில் நைட்ரஜன் அல்லது ஆர்கான் ஓட்டத்தில் 300 டிகிரியில் நான்கு மணி நேரம், பிறகு 520 முதல் 550 டிகிரியில் பத்து மணி நேரம். வெளிவரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு, குழாய் வைத்துக் கட்டடத்துக்கு வெளியே விடுங்கள். 600-ஐத் தாண்டினால் பொருள் சிதையத் தொடங்கும். எடுத்த தூள் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். ஓரங்களில் பழுப்புத் திட்டு இருந்தால் குழாயில் காற்றுக் கசிவு. காந்தத்தைக் காட்டினால் ஒட்டுகிறது என்றால் கரி கூடி, கொஞ்சம் இரும்பு உலோகமாகவோ பாஸ்பைடாகவோ மாறிவிட்டது. எக்ஸ்ஆர்டி எனப்படும் எக்ஸ்-கதிர்ச் சோதனையில் மாரிசைட் என்ற சோடியம் இரும்பு பாஸ்பேட் தெரிந்தால் இரும்பின் அளவை 3-லிருந்து 2.9 பக்கம் குறைத்துப் பாருங்கள். மாரிசைட் கிட்டத்தட்ட மின்சாரம் தராத சுமை. இரும்பைச் சற்றுக் குறைத்தே கலப்பது இந்தப் பொருளில் ஏற்கெனவே நிலைத்துவிட்ட வழக்கம்.

மக்னீசியமும் மாங்கனீசும் கலந்திருந்தால் பேட்டரி நன்றாக இருக்கும் என்று ஆய்வுகளில் படித்தேன். கழிவிலேயே அவை இருக்கும்போது ஏன் சிரமப்பட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்?
(கோலாலம்பூர், வேதியியல் மாணவி)

நல்ல கேள்வி. பாதி சரி. மக்னீசியம் இரும்பின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மின்வேலையில் கலந்துகொள்ளாமல் படிகச் சட்டத்தைத் தாங்குகிறது, சோடியம் வேகமாகப் போய்வர உதவுகிறது. ஆனால் இரும்பு போன இடத்துக்குக் கொள்ளளவும் போகிறது: 2 சதவீத இரும்பை மாற்றினால் 129-ல் இரண்டரைக்குச் சற்று மேல் குறையும். மாங்கனீசு மின்னழுத்தத்தை ஏற்றும், அளவு மீறினால் படிகத்தை நெளிக்கும்.

சிக்கல் அளவில்தான். ஒரு லோரி அன்னபேதியில் மக்னீசியம் 0.2 சதவீதம் இருக்கும், அடுத்த லோரியில் 0.5 இருக்கும். கழிவு செய்யும் ஆலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பேட்டரி செய்பவருக்கோ ஒரு தொகுதி கிராமுக்கு 108 மில்லி ஆம்பியர்-மணி, அடுத்தது 101 என்று வந்தால் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைக்க முடியாது. பலவீனமான கலம் முதலில் தீர்ந்து, மற்றவை அதைத் தலைகீழாக மின்னேற்றும் நிலை வரும். இந்தத் தொழிலில் அழுக்கைவிட மோசமானது அழுக்கின் ஏற்றத்தாழ்வு. ஆகவே முதலில் எல்லாவற்றையும் ஒரே தரத்துக்கு இறக்குங்கள், பிறகு வேண்டியதை உங்கள் தராசால் நிறுத்துச் சேருங்கள்.

மேலே சொன்ன செய்முறை இதற்குத் தோதானது. மக்னீசியம் சல்பேட்டும் அன்னபேதியும் ஏறக்குறைய ஒரே மாதிரி படிகமாகும். அதனால் குளிர்வித்துப் படிகமாக்குவதால் மக்னீசியம் முழுதாகப் போகாது. ஆனால் பிஹெச் 2-ல் இரும்பு பாஸ்பேட் மட்டும் கீழே படியும், மக்னீசியமும் மாங்கனீசும் பெரும்பாலும் நீரோடு போய்விடும். அலுமினியமும் டைட்டானியமும் போகாது, இரும்போடு சேர்ந்தே படியும். அதனால்தான் டைட்டானியத்தை முன்னாலேயே எடுக்கச் சொன்னோம். மக்னீசியத்தை ஃப்ளூரைடு போட்டு எடுக்கும் முறையும் உண்டு. நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். அமிலக் கரைசலில் ஃப்ளூரைடு இருந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வந்துசேரும். கழித்துவிடப் போகிற ஒன்றுக்காக அந்த ஆபத்தை ஏன் உள்ளே அழைக்க வேண்டும்?

மக்னீசியம் வேண்டுமானால் 100 கிராம் தொகுதிக்கு இரும்பு பாஸ்பேட்டை 2 சதவீதம் குறைத்து, மக்னீசியம் ஆக்சைடு 0.39 கிராமும், பாஸ்பரஸ் ஈடுகட்ட அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.1 கிராமும் சேருங்கள். செம்பு, நிக்கல், குளோரைடு மூன்றும் வேறு கதை, அவற்றில் சமரசமே கிடையாது. செம்பு உலையில் உலோகமாகி, பேட்டரிக்குள் கரைந்து, எதிர்முனையில் ஊசியாக வளர்ந்து குறுக்குச்சுற்று உண்டாக்கும். குளோரைடு அலுமினியத் தகட்டை அரிக்கும்.

புக்கிட் மின்யாக் பக்கம் இரும்புக்குத் துத்தநாக முலாம் பூசும் பட்டறை நடத்துகிறேன். துரு எடுத்து ஓய்ந்துபோன ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காசு கொடுத்து அப்புறப்படுத்துகிறேன். அதில் இரும்பு நிறைய இருக்கிறதே, விற்க முடியாதா?
(பினாங்கு வாசகர்)

இரும்பு இருக்கிறது, ஆனால் உங்கள் தொட்டியில் துத்தநாகமும் இருக்குமே. முலாம் சரியாகப் படியாத சாமானையும், பழைய துத்தநாகம் ஒட்டிய கொக்கி, கம்பிகளையும் அதே அமிலத்தொட்டியில் முக்கி உரிக்கிறீர்களா? பல பட்டறைகளில் அப்படித்தான். லிட்டருக்குப் பல பத்து கிராம் துத்தநாகம் ஏறிவிடும். அப்படிப்பட்ட கலவையிலிருந்து பேட்டரித் தர இரும்பு எடுப்பது செலவுக்குக் கட்டாது.

உரிப்பதற்கு ஒரு தனிச் சிறுதொட்டி வையுங்கள். துரு எடுக்கும் தொட்டிக்குள் முலாம் பட்ட எதுவும் போகக்கூடாது என்று வேலையாட்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் துரு எடுக்கும் தொட்டியில் கிட்டத்தட்ட இரும்பு குளோரைடு மட்டும் இருக்கும், உரிக்கும் தொட்டியில் துத்தநாகம் மட்டும். இரண்டுக்கும் தனித்தனியே வாங்குபவர் கிடைப்பார். குளோரைடைக் கழுவுவது சல்பேட்டைக் கழுவுவதைவிட எளிது. கடைசிக் கழுவுநீரில் வெள்ளி நைட்ரேட் சொட்டுவிட்டுச் சோதிக்கலாம். எஃகின் கலவையைப் பொறுத்து குரோமியம், நிக்கல் வரும். துருப்பிடிக்காத எஃகுக்குப் பயன்படுத்திய அமிலத்தை இதில் ஒரு வாளிகூடச் சேர்க்காதீர்கள்.

அன்னபேதியும் சோடியம் பெரோசயனைடும் கலந்து ‘பிரஷியன் வெள்ளை’ என்ற நேர்முனைப் பொருள் செய்ய முயன்றோம். கருநீலமாக வந்துவிடுகிறது. ஏன்?
(செபராங் பிறை, பாலிடெக்னிக் மாணவர்கள்)

காற்று புகுந்துவிட்டது. வெள்ளைப் பொருளில் இரும்பு எல்லாமே பெரஸ் நிலையில், சோடியம் நிறைந்து இருக்கும். ஆக்சிஜன் பட்டால் இரும்பு பெரிக் ஆகும், சோடியம் வெளியேறும், நீலம் தோன்றும். நீலம் கூடக்கூட பேட்டரிக்கு உதவும் சோடியம் குறைந்துவிட்டது என்று பொருள்.

இரண்டு கரைசலையும் லிட்டருக்கு 0.1 மோல் அளவில் நீர்த்துக்கொள்ளுங்கள். நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, நைட்ரஜனைக் குமிழியாக விட்டபடியே வேலை செய்யுங்கள். அன்னபேதிப் பக்கம் சோடியம் சிட்ரேட்டும் லிட்டருக்கு ஒரு கிராம் அஸ்கார்பிக் அமிலமும் சேருங்கள். சிட்ரேட் இரும்பைப் பிடித்துவைத்து மெல்ல விடும். ஆறு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாகக் கலந்தால் துகள் பெரிதாகவும் ஓட்டையில்லாமலும் வளரும். ஒரே ஊற்றாக ஊற்றினால் படிகத்தில் இடங்கள் காலியாகி, அங்கே தண்ணீர் குடியேறும். அந்தத் தண்ணீர்தான் பேட்டரிக்குள் வாயுவாகி உப்பவைப்பது. வெற்றிடத்தில் 150 டிகிரிக்கு மேல் ஒரு நாள் உலர்த்த வேண்டும். உலர்ந்த தூளைப் பினாங்கின் காற்றில் திறந்துவைத்தால் சில நிமிடங்களில் நீரை மறுபடி வாங்கிக்கொள்ளும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். பெரோசயனைடு சாதாரணமாக அடங்கிய பொருள்தான். ஆனால் வலுவான அமிலமும் சூடும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும், ஆளைக் கொல்லும். இந்தக் கழிவுநீரை அமிலக் கழிவுத் தொட்டியில் ஊற்றவே கூடாது, தனி டிரம்மில் லேபிள் ஒட்டி வையுங்கள். உங்கள் விரிவுரையாளர் இல்லாத நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், தம்பிகளே.

சீனாவின் பேட்டரி நிறுவனம் சிஏடிஎல் 2021-ல் அறிவித்த முதல் தலைமுறைச் சோடியம் கலத்தில், கிலோவுக்கு 160 வாட்-மணி என்று சொன்னதில், இந்த வெள்ளைப் பொருளே இருந்தது. செய்ய முடியாத காரியம் அல்ல, ஈரத்தை வெல்லும் உலர்அறை வேண்டும்.

அன்னபேதியையும் சோடியம் சல்பேட்டையும் நேரடியாகச் சேர்த்தே நேர்முனை செய்யலாமாமே? இரண்டுமே கழிவுதானே!
(பெட்டாலிங் ஜெயா வாசகர்)

ஆம், அல்லுவாடைட் என்ற படிக வகையைச் சேர்ந்த சோடியம் இரும்பு சல்பேட். 2014-ல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரபீர் பார்பண்டா, அட்சுவோ யமாடா குழுவினர் வெளியிட்டார்கள். இரும்பை வைத்து 3.8 வோல்ட் எடுத்தது அப்போது பெரிய செய்தி. 100 கிராமுக்கு நீரற்ற அன்னபேதி 68 கிராம், நீரற்ற சோடியம் சல்பேட் 32 கிராம். நைட்ரஜனில் அரைத்து 350 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் போதும். விகிதத்தில் சோடியம் சற்றுக் கூடுதலாக இருக்கும்போதுதான் தூய படிகம் வரும். 450 டிகிரிக்கு மேல் சல்பேட் சிதையும்.

கணக்கில் அழகு, நடைமுறையில் நம் நாட்டுக்குக் கடினம். அன்னபேதியின் ஏழு நீரையும் துருப்பிடிக்காமல் எடுப்பது ஒரு பாடு. 64 டிகிரியிலேயே அது தன் நீரிலேயே உருகிவிடும், ஆகவே முதலில் வெற்றிடத்தில் மெதுவாக, பிறகு 200 டிகிரி வரை போக வேண்டும். செய்த பொருள் ஈரம் பட்டால் நீரேற்றமாகிக் கெடும். ஒப்பிட்டால் என்எஃப்பிபி நம் காற்றைப் பொறுத்துக்கொள்கிறது. உலர்அறைக்கு முதலீடு இல்லாதவர்கள் அதிலேயே இருங்கள்.

சோடியம் சல்பேட் விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரும்பு பாஸ்பேட் வழியில் ஒரு கிலோ அன்னபேதியைச் சோடாவால் சமன்செய்தால் அரைக் கிலோவுக்கு மேல் சோடியம் சல்பேட் உங்கள் கையிலேயே உருவாகும். கழிவை வாங்கி இன்னொரு கழிவைச் செய்கிறீர்கள். கழுவுநீரை ஆவியாக்கி அதை எடுத்து, சோப்புத்தூள் செய்பவருக்கோ கண்ணாடி ஆலைக்கோ கொடுக்கும் வழியை முதல் நாளே திட்டமிட வேண்டும். இரும்புத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் நேரடியாகக் கரைத்தால் இந்த உப்பே வராது. அன்னபேதி மலிவு என்று சொல்பவர்கள் கழுவுநீர்ச் செலவையும் சேர்த்து அந்த வழியோடு ஒப்பிட்டுவிட்டுச் சொல்லட்டும்.

செம்பனை விதை ஓட்டுக் கரியை நேர்முனைக்குப் பயன்படுத்தலாமா?
(பந்திங் வாசகர்)

அது எதிர்முனைக்கு. 1,000 டிகிரிக்கு மேல் காற்றில்லாமல் சுட்ட கடினக்கரிதான் சோடியம் பேட்டரியின் எதிர்முனை. சுடுவதற்கு முன் அமிலத்தில் கழுவி சாம்பலையும் பொட்டாசியத்தையும் எடுக்க வேண்டும்.

இப்படிக் கழிவை வாங்கி வைத்துச் செய்தால் சட்டச் சிக்கல் வருமா?
(பிறை வாசகர்)

வரும், ஆகவே வாங்குமுன் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரம் (அட்டவணைக் கழிவு) விதிமுறைகளின்படி ஓய்ந்த கனிம அமிலம் ‘எஸ்டபிள்யூ 206’ வகை. அதை உரிமம் பெற்ற வண்டியில்தான் ஏற்றலாம், உரிமம் பெற்ற இடத்தில்தான் மீட்டெடுக்கலாம். உண்டாக்கும் பட்டறை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது. குறிப்பிட்ட கழிவுக்குத் தனி ஏற்பாடு கேட்டு சுற்றுச்சூழல் துறைக்கு விண்ணப்பிக்க 7-ஆம் விதி இடம் தருகிறது. ஆய்வறிக்கையோடு போக வேண்டும். அன்னபேதியை ஆலை விற்பனைப் பொருளாக விற்கிறதா, கழிவாகத் தள்ளுகிறதா என்பதைப் பொறுத்து நிலை மாறும். வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

கழுவுநீருக்கு 2009-ஆம் ஆண்டு தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள். இரும்பு லிட்டருக்கு, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறமாக இருந்தால் 1 மில்லிகிராம், மற்ற இடங்களில் 5 மில்லிகிராம். அமாங் இல்மனைட்டோடு மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கக்கூடும், அதில் தோரியம் உண்டு. மூலக்கனிமம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, முதல் தொகுதியிலேயே கதிரியக்கச் சோதனை செய்துவிடுங்கள்.

எங்கள் நாணயக்கலத்தில் (நாணய வடிவச் சிறு சோதனை பேட்டரி) கிராமுக்கு 110 மில்லி ஆம்பியர்-மணி வருகிறது. வாங்க வந்த நிறுவனம் மட்டும் திருப்தியடையவில்லை. எங்கே குறை?
(பாயான் லெப்பாஸ், ஆய்வுக் குழு)

சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பூசினீர்கள்? 2 மில்லிகிராம் பூசி 110 காட்டுவது எளிது. அவ்வளவு மெல்லிய பூச்சில் எந்தப் பொருளும் நன்றாகத்தான் தெரியும். 8 மில்லிகிராமுக்கு மேல் பூசி, தூள் 90 சதவீதத்துக்கு மேல், மீதி கடத்துகரியும் ஒட்டுப்பொருளும் என்ற விகிதத்தில் செய்துகாட்டுங்கள். ஆய்வுக்கூடத்து 80:10:10 கலவையை வாங்குபவர் நம்பமாட்டார், அதில் 10 பங்கு கரி குறைகளை மூடிவிடுகிறது.

பூசிய தகட்டை 120 டிகிரி வெற்றிடத்தில் இரவு முழுதும் உலர்த்தி, வெளிக்காற்று படாமல், ஈரமும் காற்றும் புகாத கையுறைப் பெட்டிக்குள் கொண்டுபோங்கள். சோடியம் உலோகத் தகட்டுக்கு எதிராக 2 முதல் 4 வோல்ட் வரை ஓட்டியது சரிதான், ஆனால் சோடியம் உலோகம் எல்லையில்லாத சோடியம் தருகிறது. கடினக்கரியோடு முழுக்கலம் செய்துபாருங்கள். முதல் மின்னேற்றத்தில் கரி ஒரு பங்கு சோடியத்தை விழுங்கிவிடும், உண்மையான எண் அப்போதுதான் தெரியும்.

கூடவே ஐந்து வெவ்வேறு அன்னபேதி மூட்டைகளிலிருந்து செய்த ஐந்து தொகுதிகளின் முடிவை ஒரே தாளில் கொடுங்கள்: ஒவ்வொன்றின் இரும்பு, டைட்டானியம், மக்னீசியம், மாங்கனீசு, அலுமினியம், கால்சியம், துத்தநாகம், செம்பு, நிக்கல், குரோமியம், ஈயம் அளவு, கரிச் சதவீதம், காந்தத்தில் ஒட்டிய துகள், 45 டிகிரியில் ஓட்டிய முடிவு. மாதிரியை மூட்டையின் மேற்பகுதியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். மேலே உள்ளது காற்றுப்பட்டு மஞ்சள்பழுப்பாகியிருக்கும், பெரிக் கூடுதலாகக் காட்டும். நடுவிலும் அடியிலும் எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை எடுங்கள்.

110 என்ற ஒற்றை எண்ணைவிட, ஐந்தும் 103-க்கும் 105-க்கும் இடையில் நிற்கிறது என்று காட்டும் தாளுக்குத்தான் வாங்குபவர் கையெழுத்துப் போடுவார்.